குருவில்லாத ஊர்களைத் தேடி வந்தவர்

ஜனவரி 16 புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாள். எங்கள் கோவில்களில் அன்றைய மறையுரை பெரும்பாலும் கண்டியில் பெய்த மழையைப் பற்றியதாகவே இருக்கும். சிறுவயதில் எனக்கும் அந்த மழைக்கதைதான் பிடிக்கும். 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர்தான் அவருடைய வாழ்க்கையின் வேறொரு பகுதி என்னைப் பிடித்துக்கொண்டது. அது கண்டிக்கு முன்னர், எங்கள் பக்கத்தில், சில்லாலையில் நடந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 2009இன் முதல் மாதங்களில் நாங்கள் தறப்பாளுக்குள்ளும் பங்கருக்குள்ளும் இருந்த இடத்துக்குப் பல வாரங்களாகக் குருவானவர் எவராலும் வர முடியவில்லை. திருப்பலி இல்லை. இறந்தவர்களை அடக்கம் செய்யும்போது மந்திரிக்கவும் ஆளில்லை. பின்னேரமானால் எங்கள் ஊர் அண்ணாவியார்தான் செபமாலை சொல்லுவார். செல் விழும் சத்தம் கேட்டால் நிறுத்துவார். அடங்கியதும் விட்ட மணியிலிருந்து தொடங்குவார். ஒருநாள் அவரும் போய்விட்டார். மணலில் புதைத்தோம். அடுத்த நாள் அந்த இடத்தைவிட்டு எழும்பவேண்டி வந்தது.

அண்ணாவியார் என்ற அந்தப் பொறுப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் யோசித்ததில்லை. முகாமிலிருந்து வெளியே வந்த பின்னர், யோசப் வாஸ் அடிகளாரைப் பற்றிய நூல்களைத் தேடி வாசித்தபோதுதான் தெரிந்தது. குருவானவர் வர முடியாத ஊர்களில் சனங்கள் தாங்களே விசுவாசத்தைக் காத்துக்கொள்ளும்படி மூப்பரையும் அண்ணாவியாரையும் ஊர்தோறும் நிலைநிறுத்தியவர் அவர். 300 ஆண்டுகளுக்கு முன்னர் அவர் செய்துவைத்த ஒழுங்கின்படிதான் நாங்கள் பங்கருக்குள் செபித்திருக்கிறோம்.

வாள் போன பின்னர் எஞ்சியவர்கள்

கத்தோலிக்க சமயம் எங்கள் மண்ணுக்கு வந்த கதை சுத்தமான கதை அல்ல. 1544இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களைச் சங்கிலி மன்னன் கொல்வித்தான். பின்னர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் உட்பட சைவக் கோவில்களை இடித்தார்கள். அவர்களுடைய ஆட்சியில் வேதத்தில் சேர்ந்தவர்களில் மனம் மாறி வந்தவர்களும் இருந்தார்கள். பதவிக்காகவும் பயத்தினாலும் வந்தவர்களும் இருந்தார்கள். ஆளும் கை அதே சமயத்தின் கையாக இருக்கும்வரை யார் எதற்காக வந்தார் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

1658இல் அந்த வழி வந்தது. ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். குரு ஒருவரை வீட்டில் ஒளித்து வைத்திருப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையின் கோவில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. பிள்ளைக்கு ஞானஸ்நானம், கலியாணம், அரச உத்தியோகம் எல்லாம் அந்தச் சபையின் வழியாகவே நடக்க வேண்டியிருந்தது.

இனிக் கத்தோலிக்கராக இருப்பதால் எந்த இலாபமும் இல்லை. இழப்பு மட்டுமே உண்டு. அப்படியிருந்தும் ஒரு பகுதியினர் விடவில்லை. 1670 அளவில் மாந்தையிலிருந்து சுமார் 20 குடும்பங்கள் மாதாவின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய், கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட மருதமடுவில் குடியேறினார்கள் என்பது மடுத் திருப்பதியின் வரலாறு. 2008 ஏப்ரலில் அதே சுருவம் போருக்குத் தப்பி மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டதை எங்களில் பலர் நேரில் கண்டவர்கள்.

காட்டுக்குப் போகாதவர்கள் வேறு விதமாகத் தப்பினார்கள். பகலில் ஒல்லாந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். இராத்திரியில் வீட்டுக்குள் பழைய செபங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்படி ஏறத்தாழ 30 ஆண்டுகள். ஒல்லாந்தர் வந்த ஆண்டில் பிறந்த பிள்ளை வளர்ந்து, கலியாணம் முடித்து, தன் பிள்ளைகளுக்கும் செபம் சொல்லிக்கொடுக்கும் காலம். அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் ஒரு குருவைக்கூடக் கண்டிருக்காது.

கோவாவில் எழுதிய உறுதி

அதே காலத்தில் கோவாவில் ஒருவர் வளர்ந்துகொண்டிருந்தார். யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21இல் பெனவுலிம் என்ற ஊரில், தாயின் வீட்டில் பிறந்தார். தந்தையின் ஊர் சங்கோலே. கொங்கணி பேசும் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பம். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று 1676இல் குருவானார். அக்காலத்தில் கோவாவிலிருந்த ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியர்களைத் தம்மோடு சேர்த்துக்கொள்வதில்லை. எவ்வளவு படித்தாலும் நாட்டுக் குருவானவர் இரண்டாம் தரத்தவரே.

குருவான அடுத்த ஆண்டு, 1677 ஆகஸ்ட் 5இல், அவர் ஒரு பத்திரம் எழுதினார். தம்மை இறைவனின் தாய்க்கு என்றென்றைக்கும் அடிமையாகக் கொடுப்பதாகத் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டார். மனிதர்களை விற்பதற்கும் வாங்குவதற்கும் அந்நாட்களில் பத்திரம் எழுதப்பட்டது. அதே வடிவத்தில் தம்மையே எழுதிக் கொடுத்துவிட்டார். இடம்பெயர்ந்து ஓடும்போது மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் காணி உறுதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடிய எங்களுக்கு, எழுதிக் கையெழுத்து வைத்த ஒரு தாளின் பெறுமதி தெரியும். இனி இது என்னுடையதல்ல என்று எழுதுவதுதான் உறுதி. அவர் தம்மைப்பற்றி அப்படி எழுதினார். அதற்குப் பின் வந்த 33 ஆண்டுகளும் அந்தத் தாளுக்கு அவர் கட்டிய விலை என்றே நான் வாசிக்கிறேன்.

இலங்கையில் குருக்கள் இல்லாமல் தவிக்கும் கத்தோலிக்கரைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் முதலில் அவர் அனுப்பப்பட்டது கன்னடப் பகுதிக்கு. 1681 முதல் 1684 வரை அங்கே சிதறிக் கிடந்த சபைகளைச் சேர்த்தார். திரும்பி வந்து, கோவா நாட்டுக் குருக்கள் சிலர் சேர்ந்து வாழத் தொடங்கியிருந்த குழுவில் இணைந்தார். புனித பிலிப்பு நேரியின் வழியைப் பின்பற்றும் குழுவாக அதை ஒழுங்குபடுத்தி, அதன் தலைவருமானார். ஐரோப்பியர் சேர்க்காதவர்களே தமக்கென்று கட்டிய வீடு அது. பின்னாளில் இலங்கைக்கு வந்து உழைத்த குருக்கள் பலர் அந்த வீட்டிலிருந்தே வந்தார்கள்.

1686இல் தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டு, யோவான் என்ற பணியாளை மட்டும் கூட்டிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். ஐரோப்பியக் குருவானவர் ஒருவர் ஒல்லாந்தரின் துறைமுகத்தில் இறங்கினால் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார்கள். இவர் நிறத்தால் எங்களைப் போன்றவர். கோவாவில் அவரைத் தாழ்த்திய அதே நிறம் இங்கே அவருக்கு மறைவிடமாயிற்று. கூலியாளின் உடையில், வெறுங்காலோடு, 1687இல் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார்.

கஞ்சி கொடுத்தவள்

கடற்பயணத்தில் பட்ட பசியும் தாகமும் அவரை நோயாளியாக்கின. யாழ்ப்பாணத்தில் வயிற்றோட்டம் அவரைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனது. யோவானும் நோயில் விழுந்தார். தொற்றிவிடும் என்ற பயத்தில் ஊருக்கு வெளியே கிடந்த இருவருக்கும் இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிரைக் காத்தாள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர் குரு என்பது அவளுக்குத் தெரியாது. பரதேசி ஒருவனுக்குக் கொடுத்த கஞ்சி அது. அந்தப் பெண்ணை யாரும் புனிதையாக்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் சந்திகளில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் எங்களுக்கு அவள் யாரென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

எழும்பி நடக்கத் தொடங்கியதும் அவர் வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். கழுத்தில் பெரிய செபமாலை ஒன்றைப் போட்டிருந்தார். அதுதான் அவர் வைத்த சோதனை. பலர் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். சிலருடைய கண்கள் அந்த மாலையில் ஒரு கணம் அதிகமாக நின்றன. அப்படி நின்ற கண்களைக் கவனித்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஒரு குடும்பத்தை அறிந்து, நம்பிக்கை வந்த பின்னர் தாம் யார் என்று சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். அவரை நம்புவது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய துணிவு. வந்திருப்பவர் உளவாளியாகவும் இருக்கலாம். காட்டிக்கொடுப்பும் தலையாட்டிகளும் என்னவென்று அறிந்த எங்களுக்கு அந்த முதல் இரவின் பயம் நன்றாக விளங்கும். அப்படியும் அவர்கள் கதவைத் திறந்தார்கள்.

சில்லாலை

யாழ்ப்பாண நகரில் ஆபத்து அதிகம் என்பதால் அவரைச் சில்லாலைக்குக் கூட்டிச் சென்றார்கள். விசுவாசத்தில் உறுதியான ஊர் என்று அது அப்போதே பெயரெடுத்திருந்தது. பகலில் ஒளிந்திருப்பார். இருட்டிய பின்னர் ஊரூராகப் போவார். பாவசங்கீர்த்தனம் கேட்பார், ஞானஸ்நானம் கொடுப்பார், விடியும் முன்னர் பூசை வைத்து முடித்துவிடுவார். தமிழையும் கற்றுக்கொண்டார். 30 ஆண்டுகளாகச் சேர்ந்துகிடந்த பாவசங்கீர்த்தனங்கள் அவை. ஒல்லாந்தக் கோவிலில் பெயர் பதிந்தவர்கள், பதவிக்காகத் தலையாட்டியவர்கள், பயத்தினால் செபத்தை விட்டவர்கள் எல்லோரும் அந்த இருட்டில் வந்திருப்பார்கள். அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்வதற்கே அவர் வந்திருந்தார்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் சில்லாலையில் சனங்கள் கூடியிருந்தார்கள். ஒல்லாந்தரின் படையினர் சுற்றிவளைத்தார்கள். அங்கிருந்த சுமார் 300 பேர் பிடிபட்டனர். பூசைப் பொருட்கள் அவமதிக்கப்பட்டன. குரு மட்டும் அகப்படவில்லை. முன்னணியில் நின்ற ஆண்களைப் பிரித்தெடுத்து அடித்தார்கள். ஒல்லாந்தரின் சபையிலிருந்து கத்தோலிக்கராக மாறியிருந்த ஒருவர் அந்த அடியினாலேயே இறந்துபோனார். மற்றவர்கள் சங்கிலியோடு கோட்டை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். குரு தப்பினார், சனங்கள் அடிபட்டார்கள். இது சரியா? அவர் போய்ச் சரணடைந்திருக்கலாம்தானே? நீண்ட காலம் இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது நான் இப்படி நினைக்கிறேன். அவர் பிடிபட்டிருந்தால் முழுத் தீவுக்கும் இருந்த ஒரேயொரு குருவும் இல்லாமற் போயிருப்பார். அதை அவரைவிடச் சில்லாலைச் சனங்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்கள் காத்தது ஒரு மனிதரை மட்டுமல்ல, தாங்கள் அறியாத ஊர்களில் காத்திருந்த மற்றவர்களின் பங்கையும் சேர்த்துத்தான். கடவுளோடு செய்த உடன்படிக்கையை ஒருவர் தனியே காக்க முடியாது. அதை ஒரு சனமாகவே காக்க வேண்டியிருக்கிறது. சிலர் அடியை வாங்கினார்கள், ஒருவர் உயிரைக் கொடுத்தார், ஒருவர் அந்தக் கடனைச் சுமந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் நடந்தார்.

சிறையும் மழையும் அம்மையும்

1690இல் அவர் கண்டி இராச்சியத்துக்குட்பட்ட புத்தளத்துக்குப் போனார். அங்கிருந்து 1692இல் கண்டியை நோக்கிப் புறப்பட்டார். நகரை அடையும் முன்னரே போர்த்துக்கேய உளவாளி என்று அவர்மீது பழி சொல்லப்பட்டிருந்தது. ஒல்லாந்தருக்கு அவர் கத்தோலிக்கக் குரு, கண்டி அரசனுக்கு அந்நிய உளவாளி. இரண்டு பக்கத்துக்கும் சந்தேக ஆளாக இருப்பதென்றால் என்னவென்று எங்கள் சனத்துக்குத் தெரியும். சிறையில் இருந்தபடியே சிங்களம் கற்றார். காவலின் கடுமை குறையக் குறைய அங்கேயே சிறு கொட்டில் போட்டுப் பூசை வைக்கத் தொடங்கினார். அந்த ஊரில் இருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக அவரிடம் வந்தார்கள்.

பின்னர் வந்ததுதான் அந்த மழை. கடும் வரட்சியில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரையும் செபிக்கக் கேட்டான் என்றும், அவர் வெளியில் பீடமும் சிலுவையும் வைத்து முழங்காலிட, மழை கொட்டியது என்றும் திருச்சபையின் மரபு சொல்கிறது. அதன் பின்னர் மன்னன் அவருக்கு நடமாடவும் போதிக்கவும் சுதந்திரம் கொடுத்தான்.

மழையைவிட அம்மைநோய்க் காலத்தில் அவர் செய்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் வசதியுள்ளவர்களும் நகரைவிட்டு வெளியேறினார்கள். நோய் கண்டவர்களை வீட்டார் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். யோசப் வாஸ் அடிகளாரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருமகன் யோசப் கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே நின்றார்கள். காட்டில் கிடந்தவர்களுக்குக் கொட்டில் போட்டார்கள். வெறுமையாய்க் கிடந்த வீடுகளை ஆசுப்பத்திரியாக்கினார்கள். புண்ணைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். நோயாளி கத்தோலிக்கரா பௌத்தரா என்று பார்க்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் தம்மைச் சிறையில் போட்ட நகரத்துக்குத்தான் இதைச் செய்தார்.

உடன்படிக்கை என்றால் தன் சனத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்வது என்று நினைப்பது எளிது. அடிபட்ட சனத்துக்கு அது இன்னும் எளிது. நானும் அப்படி நினைத்த காலம் உண்டு. இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்க்கை என்னைக் கேள்வி கேட்கிறது. சில்லாலையில் தம் சனத்துக்குக் காட்டிய அதே உண்மையை அவர் கண்டியில் பிறருக்கும் காட்டினார். கண்டியில் அவர் செய்ததை நான் செய்திருப்பேனா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

தாம் இல்லாத நாளுக்காக

தீவு முழுவதையும் அவர் கால்நடையாகவே சுற்றினார். ஒரு ஊருக்கு வருடத்தில் ஒரு தடவை போக முடிந்தால் பெரிய காரியம். மற்ற நாட்களுக்கு என்ன செய்வது? அதற்குத்தான் மூப்பரும் அண்ணாவியாரும். மூப்பர் ஊரின் காரியங்களைப் பார்ப்பார், பிணக்கைத் தீர்ப்பார், ஏழைகளைக் கவனிப்பார். அண்ணாவியார் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பார், ஞாயிறுகளில் சனத்தைக் கூட்டிச் செபம் நடத்துவார், சாகக் கிடப்பவருக்குப் பக்கத்தில் இருப்பார். செபங்களும் போதனைகளும் தமிழிலும் சிங்களத்திலும் ஊர்களுக்குக் கிடைக்க அவர் வழிசெய்தார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அந்த வேலையை இரு மொழிகளிலும் பெரும் இலக்கியமாகவே வளர்த்தெடுத்தார்.

இலங்கைத் திருச்சபையின் ஆயர்நிலைத் தலைமையை ஏற்கும்படி கேட்கப்பட்டபோது யோசப் வாஸ் மறுத்துவிட்டார். அடிமை என்று எழுதிக் கொடுத்தவருக்கு அந்த ஆசனம் பொருந்தாது என்று எண்ணியிருக்கலாம். தம்மைச் சுற்றிக் கட்டப்படும் எதுவும் தம்மோடு போய்விடும் என்பதையும் அறிந்திருப்பார்.

1711 ஜனவரி 16இல் கண்டியில் அவர் காலமானார். 24 ஆண்டுகள் இந்தத் தீவில் உழைத்தவர். ஊருக்குத் திரும்பவே இல்லை. 59 வயது. 1740களில் கண்டி அரசு குருக்களை வெளியேற்றியது. மீண்டும் குருவில்லாத ஊர்கள். ஒல்லாந்தர் பகுதியிலும் தடைகள் தொடர்ந்தன. கத்தோலிக்கர் மீதான தடைகளை ஆங்கிலேயர் நீக்கியது 1806இல்தான். 1658இலிருந்து கணக்குப் பார்த்தால் 148 ஆண்டுகள். அவ்வளவு காலமும் மூப்பர்களும் அண்ணாவியார்களும் செபம் சொல்லிக் கொடுத்த தாய்மாரும் தாங்கிப் பிடித்தார்கள்.

1995 ஜனவரி 21இல் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே அவர் மடுவுக்கும் வந்தார். இழந்தவர்களின் படங்களை நெஞ்சோடு அணைத்தபடி வந்திருந்த தாய்மாரை அன்று நான் அங்கே கண்டேன்.

கண்டியில் அடக்கம் செய்யப்பட்ட அடிகளாரின் கல்லறை எங்கே என்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அவர் அடக்கம் செய்யப்பட்ட கோவில் பின்னாளில் அழிந்துபோனது. நாடு முழுவதும் கோவில்களில் சுருவம் வைத்து வணங்கும் புனிதருக்குப் பூ வைக்க ஒரு கல்லறை இல்லை. இதை முதன்முதலில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் இருந்தேன். மணலில் நாங்கள் புதைத்துவிட்டு வந்த அண்ணாவியாரின் இடமும் இப்போது எவருக்கும் தெரியாது.

மீள்குடியேறிய பின்னர் எங்கள் கோவில் திருத்தப்பட்டு ஓடு போடப்பட்டது. ஆனால் ஊர் பழைய ஊராக இல்லை. கடைசி நேரத்தில் யார் யாரை விட்டுவிட்டு ஓடினார்கள், முகாமில் யார் என்ன சொன்னார்கள், யாருக்கு வீட்டுத்திட்டம் கிடைத்தது என்ற கதைகள் இன்னமும் வேலிக்கு வேலி நிற்கின்றன. ஒரே வாங்கில் இருக்காத குடும்பங்கள் உண்டு. இருட்டில் வந்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்ட சில்லாலையின் குரு இதற்கு என்ன செய்வார் என்று நான் யோசிப்பதுண்டு. முதலில் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காருவார் என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் மாலைச் செபத்தை இப்போது முறைவைத்துச் சொல்கிறோம். என்னுடைய முறை புதன்கிழமை. ஆறேழு பேர் வருவார்கள், சில நாளில் மூன்று பேர். முடிவில் இறந்தவர்களுக்காக ஒரு மன்றாட்டுச் சொல்லி, கல்லறை தெரியாதவர்களின் பெயர்களை வாசிப்போம். அண்ணாவியாரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஜனவரி 16 அன்று மட்டும் யோசப் வாஸ் அடிகளாரின் பெயரையும் நான் அதோடு சேர்த்து வாசிப்பேன்.